எழுதாமலே நன்றி சொன்ன பெட்டி

பூஜ்யம். வாக்கு ஃபைலுக்கு எதிரே, அளவு என்று போட்டிருக்கும் இடத்தில், வழுவழுவென்று ஒரு பூஜ்யம். பெனிட்டா கண்ணைக் கசக்கிக்கொண்டு பக்கத்தைத் திரும்ப ஏற்றினாள். திரும்பவும் பூஜ்யம். அதாவது பிள்ளைகளே, பூஜ்யத்தை எதால பெருக்கினாலும், என்று அவள் தொண்டைக்குள் கணக்கு அல்போன்ஸ் சார் மூக்கால் பேசத் தொடங்கினார், உள்ளே போங்க சார், இப்ப உங்களுக்கு நேரமில்ல, என்று அவரைத் தள்ளிக் கதவைச் சாத்தினால் இன்னொரு கதவு வழியாகத் தலைமையாசிரியை சிஸ்டர் லிலியன் வந்து நின்றார். பதினொன்று பி பிரிவு முழுக்க இப்போதுதான், இந்தக் கம்ப்யூட்டர் லேபில், வரிசையாக வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. பெஞ்சில் அவர்கள் உட்கார்ந்த சூடு ஆறவில்லை. எவளோ விட்டுப்போன கொய்யாக்காய் வாசனை இன்னும் போகவில்லை. ஒவ்வொருத்தியும் பட்டனை அமுக்கியதும் திரையில் ‘உங்கள் வாக்கு பதிவானது, நன்றி’ என்று வந்தது, கூடவே ஸ்பீக்கரில் ஒரு குரல் நன்றி சொன்னது, ஒருத்திக்கு அல்போன்ஸ் சார், ஒருத்திக்குத் தமிழம்மா, ஒருத்திக்குப் பழைய பஸ் ஸ்டாண்ட் கண்டக்டர், ஏறு ஏறு ஓட்டு விழுந்துட்டு படியில நிக்காத உள்ள போ. எல்லாம் பெனிட்டாவின் தொண்டையிலிருந்து பதிவு செய்தவை. பி பிரிவு உருண்டு உருண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பின் குறுகுறுப்பு அவள் உள்ளங்காலில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு கிளாஸையே சிரிக்கவைத்துவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன சுகம், அந்தச் சுகத்தோடு சும்மா ஒரு தடவை ஃபைல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது பார்ப்போம், உள்ளே திறக்க வேண்டாம், அளவு மட்டும், என்று இணையத்தில் பக்கத்துக்கு இடம் வாடகைக்குக் கொடுத்த ஹோஸ்டிங்காரன் பேனலைத் திறந்தாள். பூஜ்யம். ஒருத்தி ஓட்டும் விழவில்லை. ஃபைலில் எழுதாமலே அத்தனை பேருக்கும் நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறது அவள் எழுதிய புரோகிராம், அந்த ஸ்கிரிப்ட்.

இது வெளியே தெரிந்தால், சிஸ்டர் என்ன சொல்வார் என்பதை சிஸ்டரே சொல்ல வேண்டாம், அவளே சொல்லிவிடுவாள், அந்த மெல்லிய இழுவையோடு, ‘பிள்ளைகளே, கம்ப்யூட்டர் எலெக்‌ஷன் கேட்டீங்க, குடுத்தேன். தகராறு வந்தா பழையபடி நானே பேரைச் சொல்லிருவேன்.’ இந்தப் பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து மாணவத் தலைவி என்பவள் அசெம்பிளியில் சிஸ்டர் வாயிலிருந்து விழும் ஒரு பெயர். இந்த வருஷம்தான் தலைவிக்கு நிற்கிற கோமு கெஞ்சி, எதிர்த்து நிற்கிற ருக்சானா கெஞ்சி, கம்ப்யூட்டர் டீச்சர் வேணி மிஸ் நான் பொறுப்பு சிஸ்டர் என்று சொல்லி, முதல் தடவையாக ஓட்டு. தகராறு என்றால் அந்த ஓட்டே போய்விடும். போதாததற்கு அந்த ஓட்டுக்கு ஸ்கிரிப்ட் எழுதும் வேலையை யாரிடம் கொடுத்தார்கள், பள்ளிக்கூடத்திலேயே யாரும் எதையும் நம்பாத ஒருத்தியிடம், மைக்கில் சிஸ்டர் குரலில் மூன்றாம் பீரியட் லீவு என்று அறிவித்து எட்டாம் வகுப்பை கேட் வரைக்கும் ஓடவிட்டவளிடம். கோமு அன்றைக்கே சொன்னாள், சங்கரகோமதி, ஆறாம் வகுப்பிலிருந்து தோளோடு தோள் உரசி உட்கார்ந்தவள், இந்த வருஷம்தான் பிரிவு பிரித்து அவளை பி-க்குத் தள்ளிவிட்டார்கள், ‘ஏட்டி, உன் வெளையாட்டையெல்லாம் என் எலெக்‌ஷன்ல காட்டிராத, கேட்டியா. நீ என்ன சொன்னாலும் இங்க எவளும் நம்ப மாட்டா, எல்லாருக்கும் நான்தான் பதில் சொல்லணும்.’ சத்தியம் பண்ணிக்கொடுத்தாள் பெனிட்டா, தலையில் கைவைத்து, கோமுவின் குரலிலேயே. அடுத்த மணி அடித்தால் ஏ பிரிவு வந்துவிடும். வேணி மிஸ் பக்கத்து அறையில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறார், பேனலுக்குள் நுழைய ஓடிபி வந்தால் பார்த்துக்கொள் என்று தன் போனை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மணி அடிப்பதற்குள் எழுதவைக்க வேண்டும். பயமாக இருந்தது, ஆனால் பயம் மாதிரியும் இல்லை, ராட்டினம் உச்சியில் ஒரு கணம் நிற்குமே, அடிவயிற்றில் ஐஸ் கட்டி, வாயில் சிரிப்பு, அந்த மாதிரி.

ஸ்கிரிப்டைத் திறந்தாள். ஃபைலைத் திற என்று சொல்லும் வரிக்கு முன்னால், குட்டியாய்ச் சுருண்டு உட்கார்ந்திருந்தது அந்த ‘@’ குறி. ஐயோ. நான்தான். அதை வைத்தது நான்தான். எங்கேயாவது தப்பு நடந்தால் ஸ்கிரிப்ட் திரையில் அசிங்கமாக எச்சரிக்கை கொட்டும், நான் பார்த்துப் பார்த்து வைத்த கத்தரிப்பூ நிறப் பக்கம் கெட்டுப்போகும், அதனால் அந்தக் குறியை வைத்தால் சத்தம் போடாது என்று எங்கேயோ படித்து, அதன் வாயில் கையை வைத்துப் பொத்தினேன். அது உள்ளே கிடந்து, ஓட்டு விழலை ஓட்டு விழலை என்று ஒவ்வொருத்திக்கும் கத்தியிருக்கிறது, நான் பொத்தின கைக்குள்ளேயே. வெளியே கண்டக்டர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். விரலால் அந்தக் குறியை அழித்துவிட்டு, சோதனைக்கு ஒரு ஓட்டுப் போட்டாள். கொட்டியது. பெர்மிஷன் டினைட். எழுத அனுமதி இல்லை, போ. ஆ, வாயைத் திறந்துட்டியா கண்ணு, என்று அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், யாராவது திட்டினால் இவ்வளவு சந்தோஷப்படுவார்களா, ஆனால் ஊமையாக நின்றதைவிடத் திட்டுவது எவ்வளவோ மேல், திட்டுகிறவனிடம் பேச்சுக் கொடுக்கலாம். ஏன் எழுத விடமாட்டாய், இதே லேப் கம்ப்யூட்டரில் நேற்றைக்கு எழுதினாயே, சொல்லுவே, சொல்லு, என்று மீன் ஏலம் கூவுகிறவர் குரலில் அதட்டிக்கொண்டே தேடினாள். இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான். 777 கொடு, எல்லாம் சரியாகும். அந்த மூன்று எண் என்ன என்று அவளுக்குத் தெரியும், முதல் எண் ஃபைலின் சொந்தக்காரருக்கு, இரண்டாவது அவருடைய கூட்டத்துக்கு, மூன்றாவது ஊர் உலகத்துக்கு. ஏழு என்றால் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம், எல்லாம் செய்யலாம். ஊருக்கே ஏழு. கொடுத்தால் முழுசாகக் கொடுக்க வேண்டும், கையைச் சுருக்கக் கூடாது. வாக்கு ஃபைலுக்கு 777. அது இருக்கிற ஃபோல்டருக்கு 777. விட்டுவிடுவானேன், ஸ்கிரிப்டுக்கும் 777. வாங்க, எல்லாரும் வாங்க, கதவு திறந்திருக்கு, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.

பக்கத்தை ஏற்றினாள். கத்தரிப்பூ நிறத்தையே காணோம். வெள்ளை. வெள்ளையின் நடுவில் ஐந்நூறு என்ற எண்ணும், உள்ளே ஏதோ கோளாறு என்று ஒரு வரியும். முன்பாவது நன்றியாவது சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது பக்கமே இல்லை. பக்கத்து அறையில் வேணி மிஸ் ‘லாஸ்ட் பெஞ்ச், என்ன பேச்சு’ என்றது தன்னைத்தான் என்று நினைத்து எழுந்தே நின்றுவிட்டாள். கதவைத் திறந்துவிட்டால் எப்படி மூடிக்கொள்ளும், இது என்ன ஊரு நியாயம், திறக்கத் திறக்க மூடுகிற கதவு. கை தானாக மிஸ்ஸின் போனை எடுத்தது. ஹோஸ்டிங் கம்பெனியின் உதவி எண். ஆனால் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்களிடம்தான் பேசுவான், கணக்கு மிஸ்ஸின் வீட்டுக்காரர் ஸ்டான்லி அண்ணாச்சி பெயரில் இருக்கிறது, அவர் இந்நேரம் துறைமுகத்தில் லாரிக்கு நடுவில் நின்றுகொண்டிருப்பார். அண்ணாச்சி ஒரு தடவை ஆண்டு விழாவுக்கு வந்து கலர் சோடா குடித்துவிட்டுப் பேசியதைக் கேட்டிருக்கிறாள், அது போதும். தாடையைக் கழுத்துக்குள் இறக்கி, வயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, ‘ஆங், ஸ்டான்லி பேசுதேன்.’ எதிர்முனையில் ஒரு சென்னைப் பையன், தூக்கக் கலக்கத்தில், ‘சொல்லுங்க சார், என்ன சார் பிரச்சனை?’ ‘சைட்டு ஓட மாட்டுக்குப்பா. வெள்ளையா நிக்கி.’ ‘சார், வாய்ஸ் ஏதோ மாதிரி இருக்கே சார்.’ ‘சளி பிடிச்சிருக்கு.’ ‘பின்னாடி ஸ்கூல் சத்தம் கேக்குதே சார்?’ ‘வீடு ஸ்கூல் பக்கத்துல. நீ விஷயத்துக்கு வா.’ சிரிப்பு மூக்கு வழியாக வெளியே வந்துவிடப் பார்த்தது, அதை இருமலாக்கினாள். பையன் எதையோ தட்டிப் பார்த்தான். ‘சார்... ஃபோல்டர், ஸ்கிரிப்ட் எல்லாத்துக்கும் ட்ரிப்பிள் செவன் குடுத்து வெச்சிருக்கீங்களே சார்!’ ‘ஆமா, தாராளமா குடுத்தேன்.’ ‘அதான் சார் பிரச்சனையே. இது ஷேர்டு ஹோஸ்டிங் சார். லைன் வீடு மாதிரி. ஒரே சர்வர்ல நூறு குடித்தனம். நீங்க கதவ தெறந்து போட்டீங்கன்னா பக்கத்து போர்ஷன்காரன் உள்ள வந்து உங்க ஸ்கிரிப்ட மாத்திட்டு போயிடுவான். ஊருக்கெல்லாம் எழுத விட்ட ஸ்கிரிப்ட எங்க சர்வர் ஓட்டவே ஓட்டாது சார்.’ ‘அப்ப நான் எழுத யாரு அனுமதி குடுப்பா?’ ‘உங்க ஸ்கிரிப்ட் உங்க பேர்லதான் சார் ஓடுது. சொந்தக்காரருக்கு மட்டும் எழுத குடுத்தா போதும். ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு எல்லாம் 644. மத்தவங்க பாக்கலாம், தொட முடியாது.’ ‘மொதல்ல எழுத மாட்டேன்னுச்சே?’ ‘மொதல்ல யாராவது படிக்க மட்டும்னு பூட்டி வெச்சிருப்பாங்க சார். நல்லா யோசிச்சு பாருங்க. உடம்ப பாத்துக்கோங்க சார், சளி ரொம்ப இருக்கு.’

யோசிக்கவே வேண்டாம். நேற்று சாயங்காலம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் லேபில் கேம்ஸ் விளையாட வந்தபோது, இதுகள் நோண்டிவிடும் என்று, சோதனை ஓட்டுகளை அழித்துவிட்டு, வாக்கு ஃபைலை வலது கிளிக் செய்து, படிக்க மட்டும் என்ற கட்டத்தில் டிக் போட்டவள் யார், பெனிட்டாவேதான். காலையில் மறந்துவிட்டு அப்படியே கட்டிச் சுருட்டி சர்வருக்கு ஏற்றினாள். பூட்டு, மூட்டையோடு சேர்ந்து பயணம் செய்து போய் அங்கேயும் பூட்டிக்கொண்டது. நானே பூட்டி, நானே வாயைப் பொத்தி, நானே கதவைப் பெயர்த்து, இதில் வேறு யாருக்கும் ஒரு வேலைகூட வைக்கவில்லையே நான், என்று அவளுக்குத் தன்மேல் ஒரு மாதிரி பெருமையாகக்கூட இருந்தது. 755. 644. 644. சேமி. ஏற்று. கத்தரிப்பூ நிறம்! வந்துட்டியாடா என் ராசா. ஒரு சோதனை ஓட்டு. தமிழம்மா குரல் நன்றி கூறியது, போம்மா உன் நன்றியை யார் கேட்டா, ஃபைல், ஃபைலைக் காட்டு. அளவு பூஜ்யமில்லை. திறந்தாள். முதல் வரியில் ‘1’ என்று ஒரே ஒரு எண் நின்றுகொண்டிருந்தது, ஒன்று என்றால் கோமு, இரண்டு என்றால் ருக்சானா. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள், ஃபேன் சுற்றியது, சுவரில் மாட்டியிருந்த கீபோர்டு படம் சுற்றியது. எழுதுகிறது எழுதுகிறது எழுதுகிறது.

அந்தச் சோதனை ஓட்டை அழிக்க வேண்டும். அழித்தாள். வெற்று ஃபைலுக்குள் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது. அப்போதுதான் தோன்றியது. தோன்றியதா, அங்கேயே உட்கார்ந்திருந்து இப்போது தலையைத் தூக்கியதா. சொந்தக்காரருக்கு எழுதலாம். சொந்தக்காரராக உள்ளே நிற்பது இந்த நிமிஷம் நான். ஒரு வரிக்கு ஒரு எண். பி பிரிவு முழுவதையும் நானே எழுதிவிட்டால், யாருக்குத் தெரியும், எவளும் திரும்ப வர வேண்டாம், சிஸ்டருக்கு ஒன்றும் தெரிய வேண்டாம், கோமு என்னைத் திட்ட வேண்டாம். பொய்யாகவும் எழுத வேண்டாம், அவளவள் எதைப் போட்டிருப்பாளோ அதையே எழுதுவேன், எனக்குத் தெரியாதா, ஆறாம் வகுப்பிலிருந்து அத்தனை பேரையும் தொண்டையில் வைத்திருக்கிறேனே, குரல் வந்தால் ஆளே வந்த மாதிரி. எங்கே, ஜெனோவா வா, ‘ருக்சானா நல்லா இங்லீஷ் பேசுவால்லா, அவதான் செட் ஆவா’, இரண்டு. மாரிச்செல்வி, ‘எங்க தெரு பிள்ளைக்குப் போடாம வேற எவளுக்குப் போட, கோமுக்குத்தான்’, ஒன்று. விண்ணரசி எப்போதும் ஜெயிக்கிற பக்கம் சாய்வாள், ‘யாருட்டி ஜெயிப்பா, மொதல்ல அதச் சொல்லு’, அவளை அப்புறம் பார்த்துக்கொள்வோம். ஃபாத்திமா சுல்தானா ருக்சானாவோடு போன வாரம்தான் பேச்சு நிறுத்தினாள், வீம்புக்கு ஒன்று. கோமு தனக்குத்தானே, அதிலென்ன சந்தேகம், ‘எனக்கு நானே போடலைன்னா வேற எவ போடுவா’, ஒன்று. விரல்கள் பறந்தன, இன்னும் சேமிக்கவில்லை, சும்மா எழுதிப் பார்க்கிறேன் அவ்வளவுதான், ஒன்று ஒன்று இரண்டு ஒன்று, கச்சேரி மாதிரி இருந்தது, பி பிரிவே அவள் தொண்டைக்குள் வரிசைகட்டி நின்று ஓட்டுப் போட்டது, என்ன ஒரு பவுசு, என்னைத் தவிர இந்த ஊரில் யாரால் முடியும். கடைசி பெஞ்ச். ஜன்னல் ஓரம். இசக்கியம்மாள். வா இசக்கி. வரவில்லை. இசக்கி, உன் குரல் எப்படி இருக்கும்? வருகைப் பதிவுக்குக் கையை மட்டும் தூக்குவாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்வாள், டீச்சரே சலித்து உட்காரச் சொல்லிவிடுவார். சிரிக்கும்போதுகூடத் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொள்வாள். இன்றைக்கு யார் பேச்சைக் கேட்டு ஓட்டுப் போட்டாள், எந்தக் குரல் அவளுக்கு நன்றி சொன்னது, பட்டனுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாளே, எதை யோசித்தாள். தெரியாது. ஒன்றா. இரண்டா. பெனிட்டாவின் விரல் இரண்டு விசைகளுக்கும் நடுவில் நின்றது. தொண்டையைச் செருமினாள், மெல்லிசாக, கீச்சென்று, கட்டையாக, எதிலும் இசக்கி வரவில்லை, எல்லாம் பெனிட்டா இசக்கியாக நடிப்பதாகவே இருந்தது. ஏதோ ஒன்றைப் போடேன், ஒரு ஓட்டுத்தானே. ஆனால் அவள் அங்கே நின்று யோசித்தாளே. அத்தனை நேரம் நின்று யோசித்ததை நான் எதால் எழுதுவது. இசக்கிக்கு இப்படியென்றால் மற்றவர்களுக்கு மட்டும், ஜெனோவா அப்படித்தான் போட்டாள் என்று எனக்கு யார் சொன்னது, ஜெனோவா குரலில் நான்தானே சொன்னேன். சேமிக்காமல் ஃபைலை மூடினாள். எழுதியதெல்லாம் போனது. நல்லவேளை, இல்லை நல்லவேளையா, தெரியவில்லை, கால்கள் ஏற்கனவே வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தன.

பி பிரிவில் பாடம் நடத்தும் டீச்சர் லீவு, பதிலுக்கு உட்கார்ந்திருந்தது யார் என்று பார்த்தால் சிஸ்டர் லிலியனே. போச்சு. திரும்பிப் போய்விடலாமா. வாசலில் நின்றவளைப் பார்த்ததும் வகுப்பு முழுக்கச் சிரிக்கத் தயாரானது, அந்தத் தயார் அவளுக்கு நன்றாகத் தெரியும், எப்போதும் அதில்தான் குளிர்காய்வாள். ‘சிஸ்டர், ஓட்டு ஒண்ணுகூட விழல. ஸ்கிரிப்ட் எழுதல. தப்பு என்மேலதான், நான் ஃபைல பூட்டி வச்சிருந்தேன். இப்ப சரி பண்ணிட்டேன். எல்லாரும் திரும்பப் போடணும்.’ சிரிப்பு வெடித்தது. ‘ஏ, இது யாரு குரலு?’ ‘லைப்ரரி அக்கா!’ ‘ஏட்டி, அது நர்ஸம்மா!’ ‘வேணி மிஸ் அழும்போது இப்படித்தான் பேசுவாங்க!’ ‘சூப்பர் பெனி, இன்னொருக்கா பண்ணு!’ அவள் இன்னொரு தடவை சொன்னாள், அதே வார்த்தைகள், இன்னும் பலமாகச் சிரித்தார்கள், மாரிச்செல்வி மேசையைத் தட்டினாள். சிஸ்டர் குரலில் ஒரு ‘அமைதி’ போட்டால் போதும், இத்தனை பேரும் அடங்கி எழுந்து வரிசையில் வந்துவிடுவார்கள், அந்த ‘அமைதி’ நாக்கு நுனியில் வந்து துடித்தது, நிஜ சிஸ்டர் முன்னாலேயே. பல்லைக் கடித்துக்கொண்டாள். ‘வெளையாட்டு இல்லட்டி. நெஜமாவே விழல.’ சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். ‘பெனிட்டா. எனக்கும் தெரியல. இது யார் குரல்?’ ‘என்னோடதுதான் சிஸ்டர்.’ சிரிப்பு ஓரங்களிலிருந்து அவிந்துகொண்டே வந்தது, கடைசியாக மாரிச்செல்வியின் கை மேசைமேல் அப்படியே நின்றது. சிஸ்டர் அவளையே பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், அசெம்பிளியில் பெயரைச் சொல்வதற்கு முன்னால் பார்ப்பாரே அப்படி. ‘இப்ப எழுதுதா?’ ‘எழுதுது சிஸ்டர்.’ ‘பாத்தியா?’ ‘பாத்துட்டேன். ஒண்ணு போட்டு, அழிச்சிட்டேன்.’ ‘அப்ப என்ன நின்னுட்டிருக்க, மணி அடிக்கிறதுக்குள்ள கூட்டிட்டுப் போ.’

பெஞ்சுகள் கிரீச்சிட்டன, எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், திரும்பவும் ஒரு பீரியட் போச்சு என்ற குஷி, எனக்குக் கண்டக்டர் வரணும் எனக்கு அல்போன்ஸ் சார் வரணும் என்ற கூச்சல், இசக்கி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு யாருக்கும் முந்தாமல் நடந்தாள். கோமு மட்டும் வராந்தாவில் பெனிட்டாவின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். இதோ வருது, என்று கண்ணை மூடிக்கொண்டாள் பெனிட்டா, கோமு திட்டப்போவதை வரி வரியாகத் தொண்டைக்குள் கேட்டாள், ஏட்டி நான் அன்னைக்கே சொன்னேன்லா, சத்தியம் பண்ணினேலா. கோமுவின் முகம் சிவந்திருந்தது. ‘நெஜமாவே ஒண்ணுகூட விழலையா?’ ‘ஒண்ணுகூட.’ ‘என்னுதும்?’ ‘உன்னுதும்தான். எவ யாருக்குப் போட்டான்னு எனக்குக்கூடத் தெரியாதுட்டி, சத்தியமா.’ கோமு அங்குமிங்கும் பார்த்துவிட்டு அவள் காதோடு வாயை வைத்தாள், மூச்சில் கொய்யாக்காய் வாசனை. ‘மாதாவே, தப்பிச்சேன் பிள்ள. எனக்கு நானே போட்டா நல்லா இருக்காதேன்னு ருக்சானாவுக்குப் போட்டுத் தொலைச்சிட்டேன். வெளிய வந்ததுலேருந்து வயிறு எரியுது. இப்ப எனக்கே போட்டுக்கிடுதேன்.’ சொல்லிவிட்டு, தலைவிக்கு நிற்கிறவள் மாதிரியே இல்லாமல், துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வரிசையில் முன்னால் நுழைய ஓடினாள். பெனிட்டா சுவரில் சாய்ந்து நின்றாள். கோமுவின் குரலை ஆறாம் வகுப்பிலிருந்து பண்ணுகிறாள், கோமுவின் அம்மாவே ஏமாந்து பதில் சொல்லியிருக்கிறாள். ருக்சானாவுக்குப் போட்டுட்டேன் என்று, சத்தம் வராமல், உதட்டை மட்டும் அசைத்து, அந்தக் குரலில் சொல்லிப் பார்த்தாள். வரவே இல்லை. சிரிப்புத்தான் வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்படியான சிரிப்பு, அதுவும் யாருடைய சிரிப்பு மாதிரியும் இல்லை.